பின்பக்கத்தில் ஒரு படி

சரக்கு வண்டி என்பது சரக்கு ஏற்றுவதற்காக என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இந்தக் கதைக்குள் நுழையும் முன் அந்த எண்ணத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிடுவது நல்லது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது பிக்கப் வண்டி என்பது ஓர் அனுபவம். இதை நான் சொல்லவில்லை. வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் மன அறிதல் மையத்தில், உள்ளே போனதும் கண்ணில் அறைகிற மாதிரி ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய எழுத்தில் யாராவது பொய் எழுதுவார்களா?

அந்த மையத்துக்குப் போனவர் ஒரு வாடகை நாற்காலிக்காரர். கூட்டங்களுக்கும் விசேஷங்களுக்கும் நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது அவர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. சேர்க்காரர் என்று கேட்டால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் கூட வீட்டைக் காட்டும். அவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. தொழில் அந்த வண்டியை நம்பியும், அவர் முதுகை நம்பியும், அவர் மனைவியின் கால்களை நம்பியும் ஓடிக்கொண்டிருந்தது.

கால்கள் என்று சும்மா சொல்லவில்லை. வண்டியில் சரக்கு ஏற்றுகிற பின்பக்கத்தைப் பாடி என்பார்கள். சேர்க்காரர் கீழே நின்று நாற்காலிகளைத் தூக்கிக் கொடுப்பார். மனைவி பாடியில் நின்று வாங்கி அடுக்குவாள். அடுக்குவதில் அவள் பெரிய கெட்டிக்காரி. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஓரத்து வரிசையை மட்டும் திருப்பி வைத்து, ஒரு சுற்றுக் கயிறு போட்டுவிட்டால், எந்தக் குழியில் வண்டி விழுந்தாலும் ஒரு நாற்காலி அசையாது. சேர்க்காரரே அடுக்கினால் முதல் திருப்பத்திலேயே நாலைந்து நாற்காலிகள் சாலையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆக, அவள் மேலே ஏறாமல் காரியம் நடக்காது. சிக்கல் எங்கே என்றால், அவள் குள்ளம், வண்டி உயரம்.

ஊருக்கெல்லாம் நாற்காலி கொடுக்கிறவர்கள், ஒரு நாற்காலியைப் போட்டு ஏறினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஏறினாள். ஒரு மைதானத்தில், மழை பெய்து ஊறிய மண்ணில், நாற்காலியின் ஒரு கால் புதைந்து அப்படியே சாய்ந்தது. முழங்கால் வண்டியின் தகட்டில் மோதி வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. அதன் பிறகு டயரில் கால் வைத்து, தகட்டைப் பிடித்து, அவர் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ள, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே ஏறினாள். மண்டப வாசலில் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் காட்டியதற்கு, "இந்தத் துருவுல படி பத்த வெச்சா படி நிக்கும், பாடி விழுந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவர், இனிமேல் வண்டியில் ஏறவே கூடாது என்றார். சரிங்க டாக்டர் என்றாள். மறுநாள் காலை ஒரு கூட்டத்துக்கு நாற்காலி போக வேண்டியிருந்தது. ஏறினாள்.

இந்த நேரத்தில்தான் மையத்திலிருந்து போன் வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து, புது வண்டியில் என்னென்ன வேண்டும் என்று கேட்கப்போகிறார்களாம். அவர்கள் சொல்வதை வைத்துத்தான் வண்டியே செய்வார்களாம். வந்து சொல்கிறவர்கள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு பதிலுக்குப் புது வண்டியை எல்லாருக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளலாமாம்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேளுங்க," என்றாள் மனைவி. "பின்னாடி ஏறுறதுக்கு ஒரு படி. மடக்குற மாதிரி இருந்தாலும் சரி, மடக்காத மாதிரி இருந்தாலும் சரி."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். வேற எதையாவது கேட்டு அவங்களைக் குழப்பி விட்டுறாதீங்க."

"ஒரு படி கேக்குறதுல என்ன இருக்கு? போனதும் கேட்டுர்றேன்," என்றார் சேர்க்காரர். அப்போது அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

மையத்தில் புது வண்டியின் மாதிரி ஒன்றைக் கம்பளத்தின் மேல் நிறுத்தி விளக்குப் போட்டிருந்தார்கள். கிட்டே போகிறவர்கள் செருப்பின் மேல் துணி உறை மாட்டிக்கொள்ள வேண்டும். சேர்க்காரர் உறை மாட்டிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். சீருடை போட்ட ஊழியர் ஒருவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், அந்தப் பக்கம் எதுக்கு சார் போறீங்க?"

"பாடியைப் பாக்கணுங்க."

"அதை யாரும் பாக்க மாட்டாங்க சார். முன்பக்கம் நின்னுதான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

பாடியில் ஒரு சிமெண்ட் மூட்டை இருந்தது. சேர்க்காரர் பழக்க தோஷத்தில் அதைத் தூக்கிப் பார்த்தார். அது ஒரே கையில் எழும்பி வந்தது. உள்ளே பஞ்சு.

"நிஜ மூட்டை வெச்சா பெயிண்ட் கீறிடும் சார்," என்றார் ஊழியர், மூட்டையை வாங்கிப் பழைய இடத்தில் பழைய கோணத்தில் வைத்தபடி.

மேல் மாடியில் வட்ட மேசை. அழைக்கப்பட்டவர்களில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருந்தார். ஒரு பல் மருத்துவர் இருந்தார். பல் மருத்துவருக்குப் பிக்கப் வண்டியில் ஏற்ற ஒன்றும் கிடையாது, அவருடைய நாயைத் தவிர. ஆனாலும் போன வண்டியும் பிக்கப், அதற்கு முந்தியதும் பிக்கப். மற்றவர்களும் ஏறக்குறைய அந்த ரகம். பேச்சை நடத்திக் கொடுக்க ஒரு நெறியாளர் அம்மா வந்தார். அவர் முகத்தில் இருந்த புன்னகை பேசும்போதும் இருந்தது, பேசாதபோதும் இருந்தது.

"இங்க தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது," என்றார் அவர். "மனசுல படுறதைச் சொல்லுங்க. முதல்ல நீங்க."

"பின்னாடி ஏறுறதுக்கு ஒரு படி வேணுங்க," என்றார் சேர்க்காரர்.

"அருமை. ஆனா இது பதில் இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. படின்னு சொல்லும்போது உங்க மனசுல என்ன நிறம் தெரியுது?"

சேர்க்காரர் யோசித்தார். "இரும்பு நிறங்க. பெயிண்ட் அடிச்சா கறுப்பு."

நெறியாளர் அம்மாவின் புன்னகை ஒரு நூல் சுருங்கி மறுபடி விரிந்தது. அவர் பல் மருத்துவர் பக்கம் திரும்பினார். பல் மருத்துவர் தயாராக வந்திருந்தார்.

"எனக்கு வண்டி எப்பவும் காட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கணும். ஆனா சேறு ஆகிறது பிடிக்காது. சேறு தெறிச்ச மாதிரியே ஒரு பெயிண்ட் குடுக்க முடியுமா? துடைச்சாலும் போகக்கூடாது."

அறையே அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டல். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிகளே கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அதுவரை ரொட்டித் தட்டுகள் நனையாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு மூடி வேண்டும் என்று கேட்பதாக இருந்த ரொட்டிக்கடைக்காரர், அதை விழுங்கிவிட்டு, "உள்ள நல்ல வாசனை வந்தா நல்லா இருக்குங்க" என்றார். அவருக்கும் கைதட்டினார்கள்.

முடிவில் மையத்தின் தலைவர் வந்தார். விருப்பத் தலைவர் என்பது அவருடைய பதவி. கழுத்தில் டை கட்டியிருந்தார். எழுந்து நின்று பேசினால்தான் அவருக்குப் பேச வரும்.

"நண்பர்களே! இன்று ஒருவர் படி கேட்டார். சாதாரணக் கம்பெனியாக இருந்தால் என்ன செய்திருக்கும்? படியைக் கொடுத்திருக்கும்! நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பதற்கு மையம் எதற்கு, நான் எதற்கு? படி கேட்கிற மனிதர் உண்மையில் என்ன சொல்கிறார்? நான் சின்னவனாக உணர்கிறேன் என்கிறார். அவருக்குப் படி கொடுத்தால், ஆமாம், நீ சின்னவன்தான் என்று நாமே சொன்ன மாதிரி ஆகாதா? ஆகவே அந்த மனிதரின் மனக்குரலைக் கேட்டு, வண்டியை இன்னும் ஒரு சாண் உயர்த்தப்போகிறோம்!"

"உசத்தினா ஏறுறது இன்னும் கஷ்டமாச்சேங்க," என்றார் சேர்க்காரர்.

"அந்தக் கஷ்டம்தான் அய்யா கௌரவம்," என்றார் விருப்பத் தலைவர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "கேட்டேன், பேச்சு நடந்துக்கிட்டிருக்கு" என்றார். அதுவும் உண்மைதான்.

அடுத்தடுத்த அமர்வுகளில் வண்டி வளர்ந்தது. வண்டி என்றால் முன்பக்கம். கைவைக்கும் இடத்துக்குக் கீழே ஒரு குளிர்பெட்டி வந்தது. ஓட்டுபவரின் மனநிலைக்குத் தக்கபடி நிறம் மாறுகிற விளக்குகள் வந்தன. கோபமாக இருந்தால் நீலம், சந்தோஷமாக இருந்தால் மஞ்சள். வண்டிக்கு ஒரு பெண் குரல் வந்தது. கூரையில் வானம் பார்க்கக் கண்ணாடி வந்தது. இவ்வளவும் வந்த பிறகு, இதில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று ரொட்டிக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பொறியாளர் ஒருவர் எழுந்து, "தாராளமா ஏத்தலாம். ஏத்தினா மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் பெருமூச்சு விடும். வாடிக்கையாளர்களுக்கு அது பிடிச்சிருக்கு" என்றார்.

ஒவ்வொரு தடவையும் சேர்க்காரர் படி கேட்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். அவர் மேல் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் அங்கே எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். சட்டையில் 'வாடிக்கையாளரின் குரல்' என்று ஒரு வில்லை குத்தி விடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மண்டபங்களின் பின்வாசல் வழியாகவே போய் வந்த மனிதர் அவர். மரியாதை என்பது பழக்கமில்லாதவர்களுக்குச் சீக்கிரம் தலைக்கு ஏறும். வீட்டில் ஒருநாள் காபியைக் குடித்துவிட்டு, "அனுபவம் நல்லா இருக்கு" என்று சொன்னார். மனைவி டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள்.

பிறகு இருக்கை வந்தது.

ஓட்டுநர் இருக்கை. உட்கார்ந்தால் முதுகைப் பிடித்துவிடும். சோதித்துப் பார்க்க முதலில் சேர்க்காரரைத்தான் உட்கார வைத்தார்கள். ஊருக்கெல்லாம் உட்காரக் கொடுத்தவர், தான் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து எடுத்து, நிமிர்ந்து கொடுத்து, குனிந்து எடுத்து, நிமிர்ந்து கொடுத்து, இடுப்புக்கு மேலே ஒரு முடிச்சு வலி வருஷக்கணக்காகக் குடியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியின் முழங்காலுக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இருக்கை அந்த முடிச்சைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தது. அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. சேர்க்காரருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. இறங்கச் சொன்னபோது அவருக்குக் காது கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது கேட்டது. கேட்காத மாதிரி இருந்தார்.

"பக்கத்து சீட்டுலயும் இது உண்டுங்களா?" என்று இறங்கிய பிறகு கேட்டார். அந்த அளவுக்கு அவருக்கு மனசாட்சி மிச்சம் இருந்தது.

"இல்லங்க," என்றார் நெறியாளர் அம்மா அதே புன்னகையுடன். "பக்கத்து சீட்டுல உக்கார்றவங்க எங்க வாடிக்கையாளர் இல்ல."

கடைசி அமர்வில் விருப்பத் தலைவர் துக்க முகத்துடன் எழுந்து நின்றார். குளிர்பெட்டியும் விளக்கும் குரலும் கண்ணாடிக் கூரையும் சேர்ந்து வண்டியின் எடை எல்லையைத் தொட்டுவிட்டதாம். இனி ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம். முதுகு பிடிக்கும் இருக்கையின் மோட்டாரும் இரும்புப் படியும் ஏறக்குறைய ஒரே எடை.

"இரண்டில் எது என்று நாங்கள் முடிவு செய்ய மாட்டோம்," என்றார். "அந்தப் பாவத்தை நாங்கள் செய்ய மாட்டோம். நீங்களே செய்யுங்கள். படி வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம்."

ரொட்டிக்கடைக்காரர் முதலில் கை தூக்கினார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. இவரு முதல் நாள்லேருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு. பாவம், வீட்டம்மாவுக்குக் கால் முடியலையாம்," என்றார். அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் சிலர் கை தூக்கினார்கள். சேர்க்காரரின் கை மடியில் இருந்தது. கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"இருக்கை வேண்டும் என்பவர்கள்?"

பல் மருத்துவரும் மற்றவர்களும் தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். அறையில் இருந்த அத்தனை பேரும் சேர்க்காரரைப் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் லேசாகச் சிரித்து, சொல்லுங்க என்கிற மாதிரி தலையை ஆட்டினார். மூலையில் படம் எடுத்துக்கொண்டிருந்த காமிராவின் சிவப்புப் பொட்டும் அவரைப் பார்த்தது.

சேர்க்காரரின் கை இருக்கைக்கு உயர்ந்தது. தயங்கித் தயங்கி உயர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவது போல விறைப்பாக எழுந்தது. ரொட்டிக்கடைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர் சேர்க்காரர் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடிவாயிருச்சா?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி.

"ஆயிருச்சு."

"படி?"

"பேசினாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க," என்றார் சேர்க்காரர். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை மையம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அவள் முகம் மலர்ந்தது. பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். எதிர் வீட்டில் போய்ச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு கேட்டு கம்பெனிக்காரன் படி வெச்சுக் குடுக்கறான்" என்று தெருவில் பேச்சாகிவிட்டது. அன்று சாப்பாட்டில் அவர் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது. ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார். சாப்பிட்ட பிறகு தைலத்தை எடுத்துவந்து அவள் முழங்காலில் தேய்த்தார். அதுவரை அவர் தேய்த்துவிட்டதே இல்லை. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். இந்தக் கைப்பக்குவம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தபோது அவருக்கே கூசியது.

"இவ்வளவு பதமா யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள் அவள்.

"சும்மா இரு," என்றார்.

அன்றிலிருந்து அவளை வண்டியில் ஏற விடவில்லை. தானே அடுக்கினார். ஒரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முன்வரிசைக்கான நாற்காலிகளே வண்டியில் இல்லை. வந்த வழியெல்லாம் அவை வரிசையாக இறங்கியிருந்தன. விருந்தினர்கள் நின்றுகொண்டே உரை கேட்டார்கள். "இந்த வம்பே வேணாம். இன்னும் கொஞ்ச நாள்தானே, நானே ஏறுறேன். தள்ளுங்க" என்றாள் மனைவி. தள்ளினார். அவள் "மெதுவா" என்று கத்திய ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாங்க முடியாமல் மையத்துக்கு ஓடினார். விருப்பத் தலைவரின் அறை வாசலில் காத்திருந்து, உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அன்னிக்குத் தப்பாக் கை தூக்கிட்டேனுங்க. எனக்கு இருக்கை வேணாம். படியே குடுத்துருங்க."

விருப்பத் தலைவர் அதிர்ந்துபோனார். "என்ன பேச்சு பேசறீங்க? வாடிக்கையாளர் முடிவு பண்ணிட்டாரு. அதை மாத்த எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"நான்தானுங்க அந்த வாடிக்கையாளர்."

"அன்னிக்கு நீங்க வாடிக்கையாளரின் குரல். சட்டையில வில்லை இருந்துச்சு. இன்னிக்கு இருக்கா?"

சேர்க்காரர் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இல்லைங்க."

"இன்னிக்கு நீங்க யாரோ ஒரு ஆள். யாரோ ஒரு ஆள் வந்து சொன்னான்னு, அந்த மனுஷன் மனசார எடுத்த முடிவை நான் தூக்கிப் போடணுமா? அவரை நாங்க அவ்வளவு மதிக்கிறோம். நீங்க தயவுசெய்து அவரு விஷயத்துல தலையிடாதீங்க."

"வெளியில வெல்டிங்காரர்கிட்ட குடுத்து நானே ஒரு படி வெச்சுக்கலாமுங்களா?"

"வெச்சுக்கலாம். வண்டி ஸ்டார்ட் ஆகாது. தன்மேல யாரோ எதையோ ஒட்டியிருக்காங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். ரொம்ப உணர்ச்சியுள்ள வண்டி," என்றார் விருப்பத் தலைவர். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

வண்டி வெளியிடும் நாள் வந்தது. மனைவி பெட்டியிலிருந்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இன்றைக்குச் சாயங்காலம் ஒரு லோடு இருக்கிறது, புது வண்டியில் முதல் லோடு, யார் தயவும் இல்லாமல் தானே கால் வைத்து ஏறப்போவதாகச் சொன்னாள். அவளை நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று சேர்க்காரர் ஒவ்வொரு தெருமுனையிலும் நினைத்தார். அடுத்த முனையில் சொல்லலாம் என்று ஒவ்வொரு முனையிலும் தோன்றியது. அப்படியே மைதானம் வந்துவிட்டது.

வண்டிகள் வரிசையாக நின்றன, பழையதைவிட ஒரு சாண் உயரமாக. பல் மருத்துவர் வண்டியில் துடைத்தாலும் போகாத சேறு பளபளத்தது. மனைவி மற்ற எதையும் பார்க்காமல் தங்கள் வண்டியின் பின்பக்கம் போனாள். நின்று பார்த்தாள். குனிந்து, தகட்டின் அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

"உள்பக்கமா மடங்கியிருக்கும் போல," என்றாள். "எங்க பிடிச்சு இழுக்கணும்? கேட்டு வெச்சுக்கிட்டீங்களா?"

சேர்க்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மேடையிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வில்லையை மறுபடி குத்தினார்கள். விருப்பத் தலைவர் எழுந்து நின்று பேசத் தொடங்கினார்.

"எங்களைச் சிலர் கேட்கிறார்கள்: இது ஏன் இருக்கிறது, அது ஏன் இல்லை என்று. நாங்கள் யார் அய்யா சொல்வதற்கு? நாங்கள் வெறும் காது! வண்டியில் நல்லது இருந்தால் அது எங்கள் உழைப்பு. குறை இருந்தால் அது முழுக்க முழுக்க வாடிக்கையாளரின் விருப்பம். அதில் நாங்கள் பங்கு கேட்க மாட்டோம். இதோ நிற்கிறாரே, இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். பின்னால் ஏறுகிறவர்களுக்குப் படியா, ஓட்டுகிற உனக்குச் சுகமா என்று கேட்டோம். வேறு யாராக இருந்தாலும் குடும்பம், குழந்தை குட்டி என்று குழம்பியிருப்பார்கள். இவர் குழம்பவில்லை. பாருங்கள்!"

பின்னால் இருந்த பெரிய திரையில் வட்ட மேசை தெரிந்தது. சேர்க்காரரின் முகம் தெரிந்தது. கை எழுந்தது. அழகாக இருந்தது என்று நினைத்தார்களோ என்னவோ, அதையே மெதுவாக ஓடவிட்டு இன்னொரு முறை காட்டினார்கள். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் மனைவியும் தட்டிக்கொண்டிருந்தாள், வீட்டுக்காரர் முகம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே என்று. பிறகு அவள் கை மட்டும் நின்றது. மேடையில் இருந்து பார்த்தால் அது ஒன்றுதான் சேர்க்காரர் கண்ணுக்குத் தெரிந்தது.

படம் எடுக்க வேண்டும், குடும்பத்தோடு எடுத்தால் நன்றாக இருக்கும், வீட்டம்மா பாடியில் நின்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்கள். அவள் அண்ணாந்து உயரத்தைப் பார்த்தாள். உடனே ஊழியர்கள் சக்கரம் வைத்த ஒரு படிக்கட்டை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கைப்பிடி இருந்தது. கம்பளம் போட்டிருந்தது. வலி இல்லாமல் அவள் வண்டியில் ஏறியது அன்றைக்குத்தான். படம் எடுத்து முடிந்ததும் படிக்கட்டை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பல் மருத்துவரின் நாய் ஏற வேண்டியிருந்தது.

சேர்க்காரர் பின்பக்கம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "வா, மெதுவா இறங்கு. நான் பிடிச்சுக்கறேன். முன்னாடி வந்து உக்காரு."

அவள் பாடியின் முன்பக்கத் தகட்டில் சாய்ந்து, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம்."

"வெயிலா இருக்கு."

"சாயங்காலம் லோடு இருக்கு. இப்ப இறங்கினா மறுபடி ஏறணும். இது அதைவிட உசரம். உங்களால தள்ள முடியாது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலி எத்தனை வரிசை அடுக்கலாம் என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள். "நான் இங்கயே இருந்துக்கறேன். சோறு மட்டும் எட்டிக் குடுங்க."

"கை தூக்கினது..." என்று ஆரம்பித்தார் சேர்க்காரர்.

"பாத்தேன். பெருசாத்தான் காட்டினாங்க."

"தெரியாமத் தூக்கலை. தெரிஞ்சுதான் தூக்கினேன். எனக்கு முதுகு..." அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. மைதானத்தில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதுகு வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மட்டும் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள். பிறகு சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். "சரி, வண்டிய எடுங்க. பாத்துப் போங்க, இங்க பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல."

சேர்க்காரர் முன்னால் போய் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பாடியில் பாரம் இருப்பதை உணர்ந்து பெண் குரல் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு, "உங்கள் உடல் இறுக்கமாக இருக்கிறது" என்றது. இருக்கை தானாக முதுகைப் பிடிக்கத் தொடங்கியது. அவர் நிறுத்தச் சொல்லி எதை எதையோ அழுத்திப் பார்த்தார். விளக்கு நீலமானது, வாசனை வந்தது, குளிர்பெட்டி திறந்து மூடியது. இருக்கை நிற்கவில்லை. பின்கண்ணாடியில் அவள் ஒவ்வொரு குழிக்கும் முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வது தெரிந்தது. இருக்கை இடுப்புக்கு மேலே இருந்த முடிச்சைத் தேடிப் பிடித்து, அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தியது. வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பாதி வழியில் சுத்தமாகப் போய்விட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.